பாதி வேகம்

என் அக்கா புருஷன் என்னை அறைந்தது ஒரு கல்யாணப் பந்தலில். எழுபதுகளின் நடுவில், பழவேற்காட்டுக்கு மேற்கே நெல் விளைகிற ஓர் ஊர். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பெரியவர்கள் பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா ஆம்ப்ளிஃபயரில் ஒரு வயரை மாற்றிக் குத்திவிட்டார். குழாய் ஸ்பீக்கர் கர்ரென்று கத்தியது. பெட்டிக்குள்ளிருந்து கருகல் வாடை வந்தது.

"மாமா, வயர மாத்திக் குத்திட்டீங்க" என்றேன்.

பக்கத்தில் மைக் இருந்தது. நான் சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். மாமா திரும்பி என் கன்னத்தில் விட்டார். அந்தச் சத்தமும் மைக்கில் கேட்டது.

பழவேற்காடு பஜாரில் அவருக்கு மைக் செட் கடை. படிப்பை விட்டதிலிருந்து நான் அவரிடம்தான் இருந்தேன். வயர் இழுப்பது, கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டுவது, கெட்டுப்போனதைப் பிரித்துச் சரிபண்ணுவது எல்லாம் என் வேலை. மைக்கில் பேசுவது மட்டும் அவர் வேலை. "ஹலோ... ஹலோ..." என்று தொடங்குமுன் தொண்டையைச் செருமி, வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, அந்த ஒரு காரியத்துக்காகவே பிறந்தவர்போல நிற்பார். குரலும் நல்ல குரல்தான். அதை மறுக்க முடியாது.

அறை வாங்கியதும் நான் பந்தலை விட்டு இறங்கி நடந்தேன். வரப்பு வரப்பாக வீடுவரைக்கும் நடந்தே வந்தேன். மறுநாள் காலையில் கடைக்குப் போய், "என் டேப் ரிக்கார்டரக் குடுங்க" என்று கேட்டேன்.

அது என்னுடையது. பஜாருக்குப் பின்னால் பழைய வியாபாரக் குடும்பத்துப் பாய் ஒருவர் இருந்தார். அவர் வீட்டு ரேடியோ கெடும்போதெல்லாம் நான்தான் போய்ப் பார்ப்பேன். அவருடைய மூத்த மகன் பினாங்கிலிருந்து கொண்டுவந்த ஸ்பூல் டேப் ரிக்கார்டர் உப்புக் காற்றில் செத்துக் கிடந்தது. "நம்ம ஊட்ல தூசிதான் புடிக்குது தம்பி, நீ எடுத்துனு போ" என்று எனக்குக் கொடுத்தார். மேலே இரண்டு பெரிய சக்கரங்கள், உள்ளே கண்ணாடி வால்வுகள், கனம் ஒரு நங்கூரக் கல் அளவு. ஒரு சக்கரத்திலிருந்து நாடா அவிழ்ந்து, நடுவில் ஒலியைப் படிக்கிற ஹெட்டைத் தொட்டுக்கொண்டு போய் மற்றதில் சுற்றிக்கொள்ளும். நான் அதைச் சரிபண்ணி ஓடவிட்ட நாளிலிருந்து மாமா அதைக் கடை வாசலில் வைத்துக்கொண்டு, "நம்ம மெஷின், பினாங்கு மெஷின்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்டதும் அவர் மறுக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும்.

"எடுத்துனு போடா. நாளைக்கு வா, துணில கட்டி வெக்கிறேன்" என்றார்.

மறுநாள் துணியில் கட்டியே வைத்திருந்தார். தோளில் ஏற்றிக்கொண்டு எங்கள் குப்பத்துக்கு வந்தேன். நைனா போய்ச் சேர்ந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மாவும் நானும்தான். கரண்டு இருந்த வீடு என்பதால் உடனே மாட்டிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது, சக்கரங்கள் சுற்றின, பாட்டு வந்தது. பாடுகிறவள் பெண். வந்த குரல் கள் குடித்த கிழவனுடையது. இழுத்து இழுத்து, ஒவ்வொரு எழுத்தையும் சேற்றிலிருந்து பிடுங்குவதுபோல வந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாடா இது, பேய் பாடுது?" என்றாள்.

மேல் மூடியைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. அந்த மெஷினில் நாடாவை இழுப்பது மெல்லிய இரும்புத் தண்டு ஒன்று. தண்டு சுழல, ரப்பர் உருளை ஒன்று நாடாவை அதன்மேல் அழுத்திப் பிடிக்கும். தண்டின்மேல் ஒரு சின்னப் பித்தளைக் குழலை மாட்டினால் அதன் பருமன் இரட்டிப்பாகும், நாடா இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். எங்கள் பாட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதிவு செய்தவை. குழல் இல்லாவிட்டால் எல்லாம் பாதி வேகம்தான்.

குழல் இல்லை. அதைப் பிடித்திருந்த திருகாணி மட்டும் இருந்தது. அதன் தலையில் குறடு பட்ட புதுத் தழும்பு. என்னிடம் அதற்கென்று சின்ன ஸ்க்ரூ டிரைவர் உண்டு. குறடு போடுகிற ஆள் எங்கள் கடையில் ஒருவர்தான்.

மாமா இல்லாத நேரம் பார்த்து அக்காவிடம் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள், நிமிராமல். "பொட்டியில வெச்சிகீறாரு."

"எடுத்துக் குடு."

"எடுத்துக் குடுத்துட்டு நான் எங்க போறது? உன் ஊட்டுக்கா?"

"அது என்னுதுக்கா."

"உன்னுதுதான். அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? இந்த ஊட்ல நான் இருக்கணும். நீ நடுவுல வராத." இறால் தோலை அள்ளி வாசலுக்கு வெளியே, என் காலுக்குப் பக்கத்தில் வீசினாள். "போ. அவரு வர்ற நேரம்."

அங்கிருந்து வந்த வேகத்தில் பஸ் ஏறிப் பொன்னேரி போய், ரயில் பிடித்து மீஞ்சூரில் இறங்கினேன். அங்கே எனக்குத் தெரிந்த லேத் பட்டறை ஒன்று இருந்தது. பட்டறைக்காரர் பம்பு செட்டும் டிராக்டர் சாமானும் கடைகிறவர். நான் தாளில் குறித்துக்கொண்டு போன அளவைப் பார்த்துவிட்டு, "இன்னா, மூக்குத்திக்கு மரையா? நமக்கு இதுக்கெல்லாம் நேரமில்லப்பா" என்றார். நான் நகரவில்லை. பட்டறை வாசலிலேயே நின்றேன். மதியத்துக்குமேல் எரிச்சலில், போகிறபோக்கில் ஒரு துண்டுப் பித்தளையை எடுத்துக் கடைந்து என் கையில் போட்டார்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் வேகம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு ஆடியது. துளை நடுவில் இல்லாமல் ஒரு முடியளவு ஒதுங்கி இருந்தது. தண்டு ஒவ்வொரு சுற்றிலும் நாடாவைக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் விட்டது. முகத்துவாரத்தில் அலையேறும் படகுபோலக் குரல் ஏறி இறங்கியது. திரும்பப் போனேன். அவர் திட்டினார், நானும் திட்டினேன். தண்டையே கழற்றி எடுத்துக்கொண்டு மூன்றாம் தடவை போனபோதுதான், என்னைத் தொலைத்துக்கட்டவாவது ஒழுங்காகச் செய்வோம் என்று உட்கார்ந்தார். அந்தக் குழல் பொருந்தியது.

மெஷினைப் பிரித்ததுதான் பிரித்தோம் என்று மற்றதையும் பார்த்தேன். ரப்பர் சக்கரம் வழவழவென்று கண்ணாடிபோல ஆகியிருந்தது. உப்புத்தாளை மெதுவாகக் கொடுத்துச் சொரசொரப்பாக்கினேன். பெல்ட் தொங்கிப் போயிருந்தது. சைக்கிள் டியூபை வட்டமாக நறுக்கி மாட்டினேன். ஹெட்டில் நாடாவின் பழுப்புத் தூள் அப்பியிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். கடைசியாக ஹெட்டின் சாய்வைச் சரிபண்ணுகிற திருகாணி. அதைக் காதால்தான் சரிபண்ண முடியும். பாட்டை ஓடவிட்டு, ஒரு மயிரளவு திருப்பி, ஜால்ராவின் கணீர் வருகிறதா என்று கேட்க வேண்டும். தாண்டிப் போனால் மங்கிவிடும், திரும்ப வர வேண்டும். அந்த வேலை முழுக்க மாமாவின் முகம் எனக்கு எதிரில் இருந்தது. நல்ல மனசோடு உட்கார்ந்திருந்தால் அவ்வளவு பொறுமை எனக்கு வந்திருக்காது.

பழைய ரேடியோக்களைப் பிரித்து நானே ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். இரண்டு குழாய் ஸ்பீக்கர் கைக்கு வந்தது. அந்தக் கோடையில், பழவேற்காட்டு ஏரிக்குள் தீவாக இருக்கிற பசியாவரத்துக்காரர்கள் தங்கள் அம்மன் திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மாமாவோடு அவர்களுக்குப் போன வருஷமே தகராறு. அதே நாளில், தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்த ஊரிலும் திருவிழா. அங்கே மாமா.

இரண்டு ஊருக்கும் நடுவில் ஏரிதான். கோடையில் தண்ணீர் வற்றி, படகைத் தள்ளிக்கொண்டே நடக்கலாம். அவருடைய குழாய்கள் நான்கும் என்னைப் பார்த்து இருந்தன. என்னுடைய இரண்டையும் நான் அவர் பக்கம் திருப்பிக் கட்டினேன்.

பிற்பகலில் சாமி புறப்படுவதற்கு முன்னால் பாட்டைப் போட்டேன். தீவில் கரண்டு கிடையாது. படகில் ஏற்றி வந்த ஜெனரேட்டர். அது சோம்பலாக ஓடியது. ஜெனரேட்டர் மெதுவாக ஓடினால் மெஷினின் மோட்டாரும் மெதுவாகத்தான் சுற்றும். பாட்டு தொய்ந்தது. நான் ஜெனரேட்டரிடம் ஓடி வேகத்தை ஏற்றிச் சரிபண்ணுவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல் தண்ணீர்மேல் வந்தது.

"ஹலோ... ஹலோ... பசியாவரத்துல இன்னா, எருமை கன்னு போடுதா? கத்துதே!"

அந்த ஊர் சிரித்தது. என் பக்கத்திலும் சிலர் சிரித்தார்கள். என்னைக் கூப்பிட்ட ஊர்ப் பெரியவர் என்னை முறைத்தார். நான் பாட்டைச் சரியான வேகத்துக்குக் கொண்டுவந்து சத்தத்தை ஏற்றினேன். மாமா அவருடைய சத்தத்தை ஏற்றினார். பிறகு பாட்டை நிறுத்திவிட்டுப் பேசவே ஆரம்பித்துவிட்டார். போதையும் ஏறியிருந்தது.

"ஹலோ... என் மச்சானுக்கு ஒரு சேதி. உங்க நைனாவுக்கு வலை கட்டத் தெரியாது, உனக்கு வயர் கட்டத் தெரியாது. பரம்பரையே அப்டித்தான். இதுக்குத்தான் பொண்ண எங்கிட்டத் தள்ளிவுட்டாங்க."

செத்துப்போன மனுஷனை, ஏரி முழுக்கக் கேட்க. மைக்கை எடுத்துத் திருப்பித் திட்டுவதற்குத்தான் போனேன். குரலில் அவரை ஜெயிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் மெஷினைப் பார்த்தேன்.

வெற்று நாடா ஒன்றை மாட்டி, மைக்கை மெஷினில் செருகி, நீளமான வயரோடு தண்ணீர் ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கம்பில் கட்டி நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. நைனாவைப் பற்றிச் சொன்னதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாடாவில் எல்லாம் ஏறியது. திரும்பி வந்து நாடாவைச் சுற்றினேன், பித்தளைக் குழலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன், சத்தத்தை முழுக்க ஏற்றி ஓடவிட்டேன்.

"ஹ... லோ... ஓ... ஓ..."

தண்ணீர்மேல் போனது மாமாவின் குரல்தான், ஆனால் கிணற்றுக்குள் விழுந்த கிடாவின் குரல். வார்த்தைகள் வாய்க்குள்ளேயே உருண்டு உருண்டு வெளியே வந்தன. முதலில் பசியாவரம் சிரித்தது. பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு அந்தப் பக்கத்து ஊரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் ஊர்க்காரர்களே. நான் மறுபடி போட்டேன். மறுபடியும் போட்டேன். மேளக்காரர்கள் அடிக்க மறந்து நின்றார்கள். சாமி புறப்படத் தாமதமாகிறது என்று பெரியவர் வந்து சுவிட்சில் கை வைக்கிறவரை போட்டேன்.

வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதை மறைப்பதில் பிரயோஜனமில்லை.

சூரியன் விழுவதற்குள் மாமா படகில் வந்துவிட்டார், கூட இரண்டு ஆட்கள். இடுப்பளவு தண்ணீரிலேயே குதித்து, வேட்டி நனைய நடந்து வந்தார். பெரியவர் குறுக்கே நின்றார்.

"திருவிழா முடியறவரைக்கும் எங்க மண்ணுல யாரும் கை நீட்டக்கூடாது. அம்மன் பாத்துனு கீது."

"நான் யாரையும் தொட வரல" என்றார் மாமா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தலோரம் கால் கழுவ வைத்திருந்த ஏரித் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி, ஓடிக்கொண்டிருந்த மெஷின்மேல் அப்படியே கவிழ்த்தார்.

உள்ளே வால்வு வெடித்தது. புகை வந்தது. பச்சை விளக்கு அணைந்தது. நான் அவர்மேல் பாய்ந்தேன். நாலைந்து பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மாமா காலியான குடத்தை ஒழுங்காகக் கீழே வைத்துவிட்டு வந்த வழியே தண்ணீரில் இறங்கிப் போனார். "இனிமே உன் மைக் செட்டு இந்த ஊருக்குள்ள வரக்கூடாது" என்று பெரியவர் பின்னாலிருந்து கத்தினார். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

சில நாள் கழித்து அக்கா வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. அம்மா, "உள்ள வாடி" என்றதற்கும் வாசலிலேயே நின்றாள்.

"எம்புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவ முடியல. பாக்கறவன்லாம் 'ஹ... லோ...'ன்றான்."

"உன் புருஷன் பேசினத நீ கேக்கல?"

"கேட்டேன். நைனாவச் சொன்னப்ப எனக்கும் வயிறு எரிஞ்சுது. அவரு ஒரு தரம் குடிச்சிட்டுச் சொன்னாரு. நீ குடிக்காம இருந்துகினு அதையே எத்தினி தரம் போட்ட? ஏரி பூரா நைனாவத் திட்டினது அவரா, நீயா?"

"அந்த மெஷின்ல அவரு தண்ணி ஊத்தினாரே, அதக் கேளு."

"அந்தப் பொட்டியக் கட்டினு அழு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அக்கா கேட்டதை நினைக்க நினைக்க எனக்குக் கோபம்தான் வந்தது.

மெஷினை நான் விடவில்லை. தண்ணீரைவிட உப்புதான் எமன். காய்ந்தபிறகும் உள்ளே உட்கார்ந்து செம்பைப் பச்சையாகவும் இரும்பைச் சிவப்பாகவும் தின்னும். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, குடிக்கிற தண்ணீரில் அலசி, வெயிலில் வைத்தேன். குடிக்கிற தண்ணீருக்கு அம்மா தூரம் நடக்க வேண்டியிருந்தது; அதை வைத்து இரும்பைக் கழுவுகிறேன் என்று அவள் திட்டினாள். மோட்டாரைப் பிரித்து வெயிலில் போட்டபோது கருவாட்டோடு கருவாடாகக் கிடந்தது. வெடித்த வால்வுக்கு மெட்ராஸில் மூர் மார்க்கெட் வரை அலைந்தேன். கருகிய கண்டன்சர்களை மாற்றினேன். மழைக்காலம் தொடங்கும்போது மெஷின் ஓடியது. ஆனால் அடியில் ஓர் இரைச்சல் நிரந்தரமாகத் தங்கிவிட்டது, பாட்டுக்குப் பின்னால் யாரோ பல்லைக் கடிப்பதுபோல. எத்தனை தடவை பிரித்தும் அது போகவில்லை.

அதை வைத்தே சில வருஷம் தொழில் செய்தேன். மாமாவும் செய்தார். மைக்கில் பேசுவதை மட்டும் விட்டுவிட்டார். எங்கே "ஹலோ" என்று ஆரம்பித்தாலும் யாராவது இழுத்துக் காட்டினார்கள். அது என் காதுக்கு வந்தபோதெல்லாம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. எண்பதுகளில் கேசட் வந்தது. கைக்குள் அடங்குகிற டப்பா, பொத்தானை அமுக்கினால் பாட்டு. மாமா உடனே வாங்கிவிட்டார். என் ஸ்பூல் மெஷினையும் ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு பேர் சேர்ந்து படகில் ஏற்றுவதைப் பார்த்தவர்கள் மாமாவைத் தேடிப் போனார்கள். அந்தச் சண்டையில் ஜெயித்தது அவர்தான். நான் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எலக்ட்ரிக்கல் வேலைக்குப் போனேன்.

எதிரில் வந்தால் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம். ஒரே பஸ்ஸில் ஏற நேர்ந்தால் யாராவது ஒருவர் இறங்கிவிடுவார். அக்காவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் வந்தபோது எனக்குப் பத்திரிகை வரவில்லை. வேறொரு உறவுக்காரர் வந்து, "தாய்மாமன் சீர் வெக்காம எப்டிப்பா? மாப்ள ஊட்ல கேக்கறாங்க. வந்துட்டுப் போ. பேசணும்னு இல்ல" என்றார். அம்மாவுக்கு அப்போது கால் வீங்கி நடக்க முடியாது. "எனக்காகப் போடா" என்றாள். புடவையும் மாலையும் வாங்கிக்கொண்டு போனேன்.

பந்தலில் வெளியூர் மைக் செட் கட்டியிருந்தார்கள். மாமா வாசலில் எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கும்பிட்ட கை கீழே இறங்கியது. நான் தாண்டி உள்ளே போனேன். சீர்த் தட்டை நீட்டினேன். ஊர் பார்க்கிறது, அவர் வாங்கித்தான் ஆக வேண்டும். தட்டின் மறு விளிம்பைப் பிடித்தார். தலை நரைத்திருந்தது.

"வெச்சிட்டல்ல?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "கெளம்பு."

"உங்களுக்கோசரம் ஒண்ணும் வரல" என்றேன்.

பெண்ணுக்கு மாலையைப் போட்டேன். அவள் என் காலைத் தொட்டாள். ஸ்கூலுக்குப் போக முடியாமல் அழுதவள் அவள்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பந்தி போடுவதற்குள் வெளியே வந்து பஸ் நிற்கிற இடத்தில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

பஸ் தூரத்தில் தெரிந்தபோது அக்கா பட்டுப் புடவையோடு வேகமாக வந்தாள். வாழையிலையில் கட்டிய பொட்டலம் கையில் இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன். முகத்தில் வேர்வை வழிந்தது.

"வேணாம்" என்றேன்.

"உனக்கு யாரு குடுத்தா?" என்றாள். "இது அம்மாவுக்கு."

பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் போனாள். பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன். இலைக்குள்ளிருந்து சூடு தொடையில் சுட்டது. வீட்டுக்குப் போனதும் அம்மா பிரித்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றாள். பிறகு இலையை என் பக்கம் தள்ளினாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.